யானைத்தீ தணியும் வழி

(புதுச்சேரி மூலக்குளத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பசியைப் பிணி என்றே எண்ணிய மரபு தமிழ் மரபு. ஆயினும் பசியிலும் இருவகை உண்டு. உணவு கிடையாமையால் வருவது ஒன்று. உணவு கிடைத்தும், உண்டும், வயிறு நிறைந்தும் அடங்காத வேட்கை மற்றொன்று. முன்னதைத் தீர்ப்பதற்குத் திருக்கோயில்தோறும் அன்னதானம் நடைபெறுகிறது. பின்னதைத் தீர்ப்பது எங்ஙனம்? குறிப்பாக, உடல் பருமனைக் குறைக்க வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னரும் இவ்வேட்கை விடாது துரத்தினால் என் செய்வது? இதுவே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலையில் காயசண்டிகை என்னும் பெண்ணின் வரலாறு வருகிறது. விஞ்சையர் குலத்தவளாகிய அவள் பொதிய மலைப் பகுதிக்குக் கணவனோடு வந்தாள். ஆங்கு ஒரு முனிவர் பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை உண்பதற்காக வைத்துவிட்டு நீராடச் சென்றிருந்தார். அக்கனியைக் காயசண்டிகை காலால் சிதைத்துவிட்டாள். முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் நோய் அவளைப் பற்றியது. எத்துணை உண்டாலும் தணியாத பசி அது. பன்னீராண்டுகள் அவள் புகார் நகரத்தில் பசித்தே திரிந்தாள். பின்னர் மணிமேகலை அமுதசுரபியில் ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்று, அதிலிருந்து இட்ட ஒரு பிடி அன்னத்தால் அந்நோய் தீர்ந்தது.

இக்கதையில் நோக்கத்தக்கவை மூன்று. புலவர் இதனைப் பெருந்தீனி என்று இகழவில்லை; நோய் என்றே பெயரிட்டார். காயசண்டிகை தன் துன்பத்தை மறைக்கவில்லை. மணிமேகலையிடம் வாய்விட்டுச் சொன்னாள். நோய் தீர்ந்ததும் அவள் ஒருத்தியின் மனவுறுதியால் அன்று. மணிமேகலையும் ஆதிரையும் ஆகிய இருவர் துணை நின்றனர். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு இற்றைநாள் நிலைக்கு வருவோம்.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் உரிய அளவினும் மிகுந்த எடையுடையோர். ஆடவர் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், முழங்கால் நோவும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் இப்பருமனைத் தொடர்ந்து வருகின்றன. உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மருந்தாலும் பயன் காணாதவர்க்கு மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். நம் ஊர் ஜிப்மர் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை செய்யப்பெறுகிறது. நிதின் கட்காரி 2011இலும், அருண் ஜெட்லி 2014இலும் இதனைச் செய்துகொண்டதை நாடறியும். ஆகவே இது நாணத்தக்கது அன்று.

எளிதென்று கருதத்தக்கதும் அன்று. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். தமிழக அரசு அதுபற்றி விசாரிக்க ஆணையிட்டது. தேர்ந்த கைகளில் பெரும்பாலோர்க்கு நலமாகவே முடியும் சிகிச்சைதான். எனினும் நன்கு ஆராய்ந்து, முழு மருத்துவக் குழுவும் தொடர் கண்காணிப்பும் உள்ள இடத்தில் செய்துகொள்ள வேண்டியது.

இச்சிகிச்சையில் பெருவழக்காக உள்ளவை இரண்டு. ஒன்றில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீக்கப்பெற்று, எஞ்சியது வாழைப்பழம் போன்ற குழலாக்கப்படுகிறது. மற்றொன்றில் இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை அமைத்து, அதனைச் சிறுகுடலோடு இணைக்கின்றனர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பை ஜப்பானிய அறிஞர்கள் 1999இல் கண்டறிந்தனர். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியிலேயே. முதல் முறையில் அப்பகுதி நீக்கப்படுவதால் தொடக்கத்தில் பசி பெரிதும் குன்றுகிறது. நோயாளி, “எனக்கு இனிப் பசியில்லை, வென்றுவிட்டேன்” என்று மகிழ்கிறார். பல மாதங்கள் கழிந்தபின் பசி மெல்ல மீள்கிறது. எடை பெரும்பாலும் முதல் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் விரைந்து குறைந்து, பின்னர் நிலைகொள்கிறது. சிலர்க்கு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. துன்பம் தொடங்கும் இடம் இதுவே.

மூலக்குளத்தில் வில்லியனூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் வாழும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அறுவை முடிந்து ஈராண்டு ஆகிறது. நாற்பது கிலோ குறைந்தது. உறவினர் வியந்தனர். பகலில் ஒழுங்காகவே உண்கிறார். மாலையில் அலுவலகத்தில் நேர்ந்த ஒரு மனவருத்தத்தோடு வீடு திரும்புகையில் அடுமனையின் மணம் வருகிறது. ஒரு பொட்டலம் மிக்சர், சிறிது கேக். வீட்டார் உறங்கிய பின் ஒவ்வொரு பிடியாக அதை உண்கிறார். சிறிய இரைப்பை ஒரே முறையில் கொள்ளாது. ஆதலின் அரைமணிக்கு ஒருமுறை, சிறுகச் சிறுக, நள்ளிரவு வரை உண்கிறார். நிறுத்த நினைக்கிறார், கை நிற்பதில்லை. பொட்டலத்தைக் குப்பையின் அடியில் மறைக்கிறார். மறுநாள், “இவ்வளவு செலவு செய்தும் என் புத்தி மாறவில்லையே” என்று தம்மையே நொந்துகொண்டு காலை உணவைத் தவிர்க்கிறார். அன்று மாலை வேட்கை முன்னினும் பெருகுகிறது. நாணத்தால் மருத்துவரிடம் செல்வதையும் நிறுத்துகிறார்.

இவர் செய்தது குற்றமா? அன்று. கட்டுப்பாடு கைநழுவிப் பெருமளவு உண்ணும் இந்நிலையைத் தனியொரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் ஏற்றுக்கொண்டது. அறுவை, வயிற்றின் அளவை மாற்றியது; துயரம் வந்தால் இனிப்பை நாடும் மனத்தின் நெடுநாட் பழக்கத்தை மாற்றவில்லை. கத்தி சென்ற இடம் வயிறு. வேட்கை வாழும் இடம் மனம். ஆகவே இப்போது இவர்க்கு வேண்டுவது வசையன்று, எஞ்சிய பாதிச் சிகிச்சை.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம் உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்றும் அவ்வதிகாரம் வலியுறுத்துகிறது. அவ்வழியே காரணங்களை ஆராய்வோம்.

முதலாவது, பசியையும் வேட்கையையும் பிரித்தறிதல். பசி மெல்ல வரும். இட்லி கிடைத்தாலும் சுண்டல் கிடைத்தாலும் அடங்கும். வேட்கை திடுமென வரும். இன்ன பண்டம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். “இப்போது இரண்டு இட்லி தந்தால் போதுமா?” என்று தம்மைத்தாமே வினவுக. போதும் எனில் அது பசி, உண்க. போதாது எனில் அது வேட்கை. கால் மணி நேரம் பொறுத்திருக்க. அக்கால் மணி நேரத்தில் தெருமுனை வரை நடக்கலாம். உடன்பிறந்தாரோடு தொலைபேசியில் உரையாடலாம். அலை எழுந்து தாழ்வதுபோல் வேட்கையும் பெரும்பாலும் தாழ்ந்துவிடும்.

இரண்டாவது, பட்டினி கிடவாமை. மிகையாக உண்டதற்குத் தண்டனையாக அடுத்த வேளையைத் தவிர்ப்பது எரியும் தீயில் நெய் வார்ப்பது போன்றது. தவறியது எந்த வேளையாயினும், அடுத்த வேளையை உரிய நேரத்தில், உரிய அளவில் உண்ண வேண்டும். ஒரு வேளை வழுக்கியது ஒரு வேளையே. ஒரு நாளாகவும் ஒரு வாரமாகவும் அதனை நீட்ட வேண்டுவதில்லை.

மூன்றாவது, உண்ணும் முறை. ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர், பனீர் போன்ற புரத உணவை முதலில் உண்ணுதல் வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்பது மருத்துவர் கூறும் பொது அளவு. கவளத்தைச் சிறிதாக்கி, நன்கு மென்று, இருபது முதல் முப்பது நிமிடம் வரை உண்க. உணவோடு நீர் பருகாமல் அரைமணி கழித்துப் பருகுக. பாயசம், ஐஸ்கிரீம், குளிர்பானம் ஆகியன சிறு வயிற்றில் தங்காமல் வழுக்கிச் செல்வன. முறுக்கும் சிப்சும் வாயிலேயே பொடியாகி இறங்குவன. நிறைவைத் தாராமல் எடையைக் கூட்டுபவை இவையே.

இரைப்பையைக் குடலோடு இணைத்தவர்கள் மிகுதியாக இனிப்பு உண்டால், சிறிது நேரத்தில் வயிற்றுப் பிசைவும், வியர்வையும், படபடப்பும், தலைச்சுற்றலும் வரக்கூடும். இதனை டம்பிங் என்பர். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வருதலும் உண்டு.

நான்காவது, குறித்து வைத்தல். என்ன உண்டோம் என்பதோடு, எந்நேரத்தில், எம்மனநிலையில் உண்டோம் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. இருவாரம் எழுதினால் தனிமையா, சினமா, உறக்கக் குறைவா, வேலைச் சலிப்பா என்று வேர் தெரியும். வேர் தெரிந்தபின் மனநல மருத்துவரும் உளவியலாளரும் தரும் நடத்தைப் பயிற்சியால் அதனை மாற்ற இயலும்.

ஐந்தாவது, வாசல் மாறி வரும் வேட்கையிடம் விழிப்பு. இச்சிகிச்சைக்குப் பின், சிறப்பாகக் குடலோடு இணைத்தவர்க்கு, மது விரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. உணவில் ஆறுதல் தேடிய மனம், அது மறுக்கப்பட்டபோது குடியில் ஆறுதல் தேடுவதுண்டு. அறுவைக்குப் பின் சிலர் புதிதாகக் குடிநோய்க்கு ஆளாவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள நம் புதுச்சேரியில் இதனை உரக்கச் சொல்ல வேண்டியுள்ளது.

இனித் திருக்கோயிலுக்கு வருவோர் கேட்கும் இரண்டு ஐயங்கள். விரதம் இருக்கலாமா? உபவாசம் என்னும் சொல்லுக்கு அருகில் உறைதல் என்பதே பொருள். இறைவனுக்கு அருகில் உறைவதே நோன்பின் உயிர். உண்ணாமை அதற்கொரு துணை. அறுவை செய்துகொண்டவர் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் நாள் முழுதும் பட்டினி கிடந்தால் நீர்ச்சத்துக் குறையும்; இரவில் கட்டுக்கடங்காத உண்டியில் முடியும். மருத்துவரைக் கேளாமல் பட்டினி நோன்பு வேண்டா. மௌனம், கோயில் வலம், பிறர்க்கு அன்னமிடல் என நோன்பின் வழிகள் பல.

பிரசாதத்தை மறுக்கலாமா? மறுக்க வேண்டுவதில்லை, அளவை மறுக்கலாம். சர்க்கரைப் பொங்கலாயினும் புளியோதரையாயினும் ஒரு சிறு துளியைக் கண்ணில் ஒற்றி வாயிலிட்டு, எஞ்சியதை அருகிலிருக்கும் குழந்தைக்கோ முதியவர்க்கோ தருக. அருளுக்கு எடையில்லை. அன்னதானப் பந்தியிலும், “அரைக் கரண்டி போதும், ஐயா” என்று சொல்வதில் இழுக்கில்லை.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவார் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. அந்நான்காவது உறுப்பு குடும்பம். தாய்மார்கள் இதனைச் சிறிது செவிமடுக்க வேண்டும். “இன்னும் ஒரு வாய் சாப்பிடுப்பா, இளைச்சுப் போயிட்டியே” என்பது அன்புதான். அவ்வன்பே அவர்க்கு இடராகிறது. “எல்லாம் வாயைக் கட்டாததால் வந்தது” என்பது சுடுசொல். அது அவரை மேலும் ஒளிந்து உண்ணச் செய்கிறது. பண்டங்களை வீட்டில் குவித்து வைக்காமையும், உடனமர்ந்து பொறுமையாக உண்ணுதலும், “இன்றைக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டு விடையைக் கோபமின்றிக் கேட்டலுமே பேணுதல் ஆகும்.

நாணத்தால் மருத்துவரைத் தவிர்த்தல் பெருந்தீங்கு. இரும்பு, பி12 முதலிய சத்துக்களை வாழ்நாள் முழுதும் மருத்துவர் சொற்படி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கருநிற மலம், அடிக்கடி மயக்கம் ஆகியன தோன்றின் அன்றே மருத்துவமனை செல்க. எடை மீண்டும் ஏறினும் மருத்துவரிடம் செல்க. அவரிடம் மருந்தும் வேறு வழிகளும் உள்ளன. மனம் தளர்ந்து, வாழ்வே வெறுக்கும் எண்ணம் தோன்றின் நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அச்சேவை இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

அன்பர்களே! பன்னீராண்டு பசித்துத் திரிந்த காயசண்டிகையின் நோய், அவள் அதனை வெளியிட்டுச் சொன்ன நாளில் தீர்ந்தது. இன்று இத்திருமுன்னில் நிற்போருள் எவரேனும் இரவில் ஒளிந்து உண்டு, விடியலில் தம்மையே வெறுப்பவராக இருக்கலாம். அவர் ஒருவரிடமேனும், தாயிடமோ, துணைவரிடமோ, மருத்துவரிடமோ, இவ்வாரத்திற்குள் வாய்திறந்து சொல்லட்டும். கேட்பவர் நகையாமல் கேட்கட்டும். அனைவர்க்கும் உடல்நலமும் மனநலமும் பெருகுவதாக!