மருத்துவர் மனச்சுமை
(ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயுற்றார் மருத்துவரை நாடுவர். மருத்துவரே மனம் நொந்தால் யாரை நாடுவர்? இதனை நம்மவர் எண்ணுவதில்லை.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திற் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் விரல்களை இளமையிலேயே முடக்குவாதம் கோணச் செய்தது. அவர் சோர்ந்திலர், அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண்புரை நீக்கினார். ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் சுமை தாங்கிய வழிகள் இரண்டு. ஒன்று, அரவிந்தர் நெறிநின்ற தியானம். மற்றொன்று, வேலையைப் பகிர்தல். பார்வை அளத்தல், நோயாளரை ஆயத்தஞ் செய்தல் முதலியவற்றைப் பயிற்சி பெற்ற பெண்டிர் ஏற்பர். மருத்துவர் தமக்கே உரிய அறுவையில் மனம் ஒன்றுவர்.

ஆகவே தனியொருவர் பொறுமை போதாது. சுமையைப் பலர் தாங்குதல் வேண்டும். அப்பலருள் நாமும் உள்ளோம். உறவினர் ஒருவர் மறைந்த இரவில், உறங்காது உடன்நின்ற இளம் மருத்துவரை யாம் சுடுசொற் கூறினோம். அவர் கண்கலங்கியதை இன்றும் மறந்திலோம். அப்பிழையை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றோம்.

அன்பர்களே! நம் வீட்டுப் பிள்ளைகளும் மருத்துவராகின்றனர். நோயாளியைக் காணப் பதின்மராய் நுழையாதிருப்போம். துயரிலும் நாவைக் காப்போம். அதுவே நாம் ஏற்கத்தக்க பங்கு.