கூண்டுக்குள் குளிர்காலம்

திண்டுக்கல்லிலே குளிர் என்று சொன்னால் வடநாட்டார் நகைப்பார்கள். மார்கழியில் சிறுமலைப் பக்கம் மூடுபனி தவழும். நாம் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வோம். வெயில் ஏறியதும் அவிழ்த்து உதறிவிடுவோம். அவ்வளவுதான் நம்முடைய குளிர். ஆயினும் அந்தக் குளிருக்கு அஞ்சி நான் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொன்றேன்.

சிறுவனாயிருந்தபோது, பிறந்து சில நாட்களேயான குட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அது நடுங்குவதைக் காணப் பொறாமல் கொட்டிலின் நாற்புறமும் சாக்குகளைக் கட்டி, ஊசிமுனையளவு காற்றும் புகாதபடி அடைத்தேன். கீழே வைக்கோல் நனைந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. நாலாம் நாள் குட்டி இருமியது. அந்த வாரத்திலேயே இறந்துபோயிற்று. அதைக் கொன்றது குளிரன்று. அடைபட்ட ஈரக்காற்றும் மூத்திர நெடியுந்தான் என்று பின்னால் விளங்கியது.

விலங்குக் காட்சிசாலைகளிலும் இதுவே முதற் பாடம். படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். கூரையருகே காற்று உலாவ வேண்டும். ஆனால் படுத்திருக்கும் உடம்பின்மேல் அது நேரே வீசலாகாது. குட்டிகளிடம் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். உடம்பு சிறிதாகச் சிறிதாக, எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதி. ஆகவே சூடு விரைந்து வெளியேறிவிடும்.

சென்னையில் 1855-ஆம் ஆண்டு எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியகத்தை ஒட்டித் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1985 முதல் வண்டலூரிலே இருக்கிறது. அங்கே குளிர்காலத்துப் பகை உறைபனியன்று. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம். தில்லியிலோ கதை வேறு. 1959-இல் பழைய கோட்டையருகே திறக்கப்பட்ட அந்தக் காட்சிசாலையில், ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே வைக்கோலும் மின்சாரக் கணப்பும் இன்றி முடியாது. 1958-இல் தொடங்கிய டார்ஜிலிங் காட்சிசாலையோ ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கு வாழும் பனிச்சிறுத்தைக்குக் கம்பளி கொடுக்க யாரும் நினைப்பதில்லை. தன் நீண்ட வாலையே முகத்தின்மேல் போர்த்துக்கொண்டு அது உறங்கும். அதற்கு இன்பமான இரவு நம்மூர் மலைப்பாம்புக்கு எமனாகிவிடும். குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் இல்லை. அதைத் தாங்கும் உடம்பிலும் இருக்கிறது.

பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் உண்ணும் சோற்றில் ஒரு பங்கு உடம்பைச் சூடாக வைப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வெயிலிடம் கடன் வாங்கியே அது வாழ்கிறது. ஆகவே கடன் கிடைக்காத நாளில் அதற்குச் செரிமானமும் இல்லை. குளிரில் இரை விழுங்கிய பாம்பு அதைக் கக்கிவிடலாம். கக்காவிட்டால் வயிற்றிலேயே இரை அழுகி உயிரைக் குடிக்கும். அதனால்தான் கடுங்குளிர் நாட்களில் பாம்புக்கு இரை கொடுப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள், "ஐயோ, பட்டினி போடுகிறார்களே!" என்று அங்கலாய்ப்பதுண்டு. பட்டினிதான், ஆனால் உயிர் காக்கும் பட்டினி. நான் சாக்கு கட்டியதும் இரக்கத்தால்தானே!

கூண்டுக்குள் விளக்கு வைப்பதிலும் நுட்பம் இருக்கிறது. பாம்பு சுடும் பொருளின்மேல் படுத்துத் தோல் வெந்தபின்னும் விலகாமல் கிடப்பதுண்டு. ஆதலால் விளக்கைச் சுற்றிக் கம்பிவலை இடுவார்கள். கூண்டு முழுவதையும் சூடாக்கிவிடவும் மாட்டார்கள். ஒரு மூலை வெதுவெதுப்பாக இருக்கும், மறுமூலை குளிர்ந்திருக்கும். எங்கே இருப்பது என்பதைப் பாம்பே முடிவுசெய்துகொள்ளும்.

தை மாதத்துக் காலையில் நம் கோட்டை மலைமேல் ஏறிப் பாருங்கள். ஓணான் ஒன்று வெயில் படும் பாறையிலே உடம்பை அப்பிக்கொண்டு கிடக்கும். சற்றுப் பொறுத்துத் தலையைத் தூக்கும். சூடு போதுமென்று தோன்றியதும் பாறையிடுக்கின் நிழலுக்குள் நழுவிவிடும். அந்த இடுக்கைத்தான் காட்சிசாலையில் பாம்புக் கூண்டின் மறுமூலையில் அமைத்துவைக்கிறார்கள்.