உணவுப் பாடமும் சத்துணவுத் தட்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஊட்டச்சத்துப் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைத்தான் நான் ஆறாம் வகுப்பில் வாங்கிக்கொள்கிறேன். அதனால் இது நம் இரு தரப்புக்கும் பொதுவான பேச்சு.

ஆறாம் வகுப்பில் 'உடல் நலமும் சுகாதாரமும்' என்ற பாடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது எளிய பாடம். கார்போஹைட்ரேட் ஆற்றல் தரும், புரதம் வளர்ச்சி தரும், வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி என்று கடகடவென ஒப்பிப்பார்கள். மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். காலையில் 'கீரையில் இரும்புச்சத்து உள்ளது' என்று எழுதிய அதே பிள்ளை, மதியம் சாம்பாரில் கிடக்கும் முருங்கைக் கீரையை ஒரு விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறாள். நாம் தண்ணீர் தெளித்து நிழலில் உட்கார வைக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் சேரப்போகும் கணக்கு அது.

உணவைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. "இன்னைக்குக் காலையில் என்ன சாப்பிட்டே, எழுந்து சொல்லு" என்போம். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். முதல் பெஞ்சுப் பிள்ளை இட்லி, பூரி என்று சொல்லும். கடைசிப் பெஞ்சில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இட்லி என்றுதான் சொல்லும். நமக்குக் கிடைப்பது பொய், பிள்ளைக்குக் கிடைப்பது கூச்சம். நான் பெயர் எழுதாத சீட்டு வாங்குகிறேன். சாக்பீஸ் பெட்டியில் ஓட்டை போட்டு, வாரம் முழுவதும் காலையில் சாப்பிட்டதை ஒரு வரி எழுதிப் போடச் சொல்வேன். வெள்ளிக்கிழமை நான் மட்டும் பிரித்துப் பார்ப்பேன். பல சீட்டுகளில் 'டீ' என்ற ஒரே எழுத்து இருக்கும். சிலவற்றில் 'டீ, பன்'. சிலவற்றில் ஒரு கோடு மட்டும்.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை. ஏப்ரலில் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஜூனில் என் வகுப்புக்கு வந்ததும் காலை உணவு நின்றுபோகிறது. வேலைக்குப் போகிற அம்மா சில ஆண்டுகளாகக் காலைச் சமையலை மதியத்துக்குத் தள்ளிப் பழகியிருப்பார். ஆகவே ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டு முடிவுப் பெற்றோர் கூட்டத்தில், "ஜூனிலிருந்து காலையில் வீட்டில் கொடுத்து அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழைய சோறும் வெங்காயமும் போதும், கம்பங்கூழ் இருந்தால் இன்னும் நல்லது.

இனி சோதனைகள். அயோடின் சோதனையை எல்லோரும் செய்கிறோம். உருளைக்கிழங்குத் துண்டில் இரண்டு சொட்டு விட்டுக் கருநீலம் காட்டிவிட்டு முடித்துவிடுகிறோம். அதே புட்டியைக் கொண்டு எங்கள் பள்ளியில் ஒரு வதந்தியைத் தீர்த்தோம். சத்துணவு அரிசியில் செறிவூட்டப்பட்ட அரிசி கலந்து வரத் தொடங்கியபோது, கழுவும் பாத்திரத்தில் சில அரிசிகள் மிதந்தன, நிறமும் கொஞ்சம் வேறாக இருந்தது. "டீச்சர், இது பிளாஸ்டிக் அரிசியாம், எங்க ஆயா சாப்பிடாதேன்னு சொல்லிச்சு" என்று ஒரு பையன் வந்தான். பொறுக்கி வெளியே போடுவதும் நடந்தது. அந்த அரிசி எப்படி வருகிறது? அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் வெட்டி எடுக்கிறார்கள். 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலக்கிறார்கள்.

"பிளாஸ்டிக்கா இல்லையா, நீயே பார்" என்று மூன்று தட்டுகள் வைத்தேன். ஒன்றில் சாதாரண அரிசி, ஒன்றில் மிதந்த அரிசி, ஒன்றில் பழைய பக்கெட்டிலிருந்து சுரண்டிய பிளாஸ்டிக் துணுக்கு. அரிசி இரண்டையும் நசுக்கி அயோடின் விட்டதும் இரண்டும் கருநீலமாயின. பிளாஸ்டிக்கில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது. பையன் மறுநாள் வந்து, "ஆயாவுக்கும் செஞ்சு காட்டணும், அந்தப் புட்டியைத் தர்றீங்களா" என்று கேட்டான். புட்டியைக் கொடுக்கவில்லை, ஆயாவைத்தான் பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொன்னேன். வந்தார்! ஒன்று நினைவிருக்கட்டும்: சோதித்த உணவை யாரும் வாயில் போடக்கூடாது, அதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். புரதச் சோதனையில் வரும் சோடியம் ஹைட்ராக்சைடு தோலைப் பொசுக்கும். அதை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். கொழுப்புக்கு வேர்க்கடலையைத் தாளில் வைத்துத் தேய்த்தால் போதும், வேதிப்பொருளே வேண்டாம்.

பாடத்தில் அதிகம் அடிபடாதது நார்ச்சத்து. ஆற்றல் தருவதில் பெரிதில்லை, நம் நொதிகளால் செரிக்காது, பிறகு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒன்றில் ஒரு கரண்டி மைதா, இன்னொன்றில் ஒரு கரண்டி கேழ்வரகு மாவு கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். மைதாவில் துணியில் ஏறக்குறைய ஒன்றும் நிற்காது. கேழ்வரகில் தவிடு நிற்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவு அட்டவணையில், 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 2.8 கிராம் நார்ச்சத்து. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். துணியில் பார்த்ததையும் இந்த எண்ணையும் சேர்த்து வைத்தால் பிள்ளைக்கு மறக்காது.

கரையாத நார், கரையும் நார் என்று இரண்டு உண்டு. தவிடு முதல் வகை. இரண்டாவதுக்கு, இரவே ஒரு பிடி வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் கொண்டுவரச் சொல்லுங்கள். வழவழவென்று இருக்கும். வெண்டைக்காயின் வழவழப்பும் அதுதான். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இதை உணவாக எடுத்துக்கொள்கின்றன. கரையாத நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்குகிறது. மலம் என்ற சொல்லைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடிக்கட்டும். அதன் பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

ஏனென்றால் தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்து மட்டும் சாப்பிட்டால் மலச்சிக்கல் குறையாது, கூடவும் செய்யும். நம் பெண் பிள்ளைகளில் பலர் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்றுதான். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் நார்ச்சத்துப் பாடம் நடத்துவது பாதிப் பாடம்தான். எங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத்தான் முதலில் வைத்தேன். தாழ்ப்பாள் இரண்டும் வாளி நான்கும் வாங்கினார்கள். பெரிய செலவில்லை. இப்போது தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. மணி அடித்தால் மட்டும் போதாது, குடித்த பிறகு போக ஓர் இடம் வேண்டும்.

எங்கள் பக்கத்து உணவு களி. அதைச் சொல்ல இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். நியாயவிலைக் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை 2023இல் நீலகிரியிலும் எங்கள் மாவட்டத்திலும்தான் தொடங்கினார்கள். களியைப் பற்றி வகுப்பில் நான் பெருமையாகவே பேசுவேன், ஆனால் கூட்டிச் சொல்லமாட்டேன். கேழ்வரகு சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வலு கால்சியம்: 100 கிராமில் ஏறக்குறைய 360 மில்லிகிராம். இரும்பு 5 மில்லிகிராமுக்கும் குறைவு. கொள்ளில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கிறது. ஆகவே களியும் கொள்ளுக் கடைசலும் சேரும்போதுதான் தட்டு நிறைகிறது. சரிவிகித உணவு என்பதை விளக்க நான் வேறு எந்தப் படமும் வரைவதில்லை. களி, கடைசல், கீரை, மோர் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் நேராக என்ன சத்து என்று பிள்ளைகளையே நிரப்பச் சொல்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு வருகிறேன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நீல மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியே போடுவார்கள். மதிய உணவு முடிந்த பிறகே கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகலாம், அது தீங்கில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வீட்டில் பயந்து நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும், சூடு வைட்டமின் சியைக் குறைத்துவிடும். எங்கள் சமையலர் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இவ்வளவு நாளா கொதிக்கும்போதே பிழிஞ்சிட்டிருந்தேனே" என்றார். நம் பயிற்சிகளுக்கு சமையலர்களையும் அழைத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

கடைப் பாக்கெட்டுகளைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. திட்டினால் ஒளித்துத் தின்பார்கள். காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்குப் பாடமாக்கிவிடலாம். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் 200 மில்லி பாட்டிலில் எத்தனை தேக்கரண்டி? ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் ஐந்து. அந்த ஐந்து கரண்டியை ஒரு தாளில் கொட்டிக் காட்டினால் போதும், மீதியைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

கடைசியாகத் தேர்வு வினா. 'சரிவிகித உணவு என்றால் என்ன?' என்பதோடு நான் இன்னொன்று கேட்கிறேன்: "உன் வீட்டில் ரேஷன் அரிசி, கேழ்வரகு, கொள்ளு, முருங்கைக் கீரை, இரண்டு எலுமிச்சை, ஒரே ஒரு முட்டை, டீத்தூள் இருக்கின்றன. ஒரு நாள் உணவைத் திட்டமிடு." பல நல்ல விடைகள் வரும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள். டீயை நான்கு மணிக்குத் தள்ளியிருந்தாள். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்திருந்தாள். முட்டைக்கு நேராக மட்டும் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தாள்.

முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த விடையை யாருடையது என்று சொல்லாமல் வாசித்தேன். 13 முதல் 15 வயதில் பையனுக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கிறார்கள், பெண்ணுக்கு 30 என்று கரும்பலகையில் எழுதினேன். மாதவிடாய் தொடங்கும் வயது என்பதால் அந்தக் கூடுதல் என்றும் சொன்னேன். அம்மாக்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "டீச்சர், அந்த முப்பதை ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க, வீட்டுல காட்டணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.