குடிசன மதிப்பில் வன்னி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சனத்தொகை என்றதும் "மொத்தம் எத்தனை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். மொத்தத்துக்குப் பக்கத்திலே வயது, ஆண், பெண் என்று பிரிந்து நிற்கும் நிரல்களைப் பார்ப்பவர் அரிது. வன்னியின் கதை அந்த நிரல்களிலேதான் இருக்கிறது.

மிஷன் பாடசாலையில் வேதாகமம் படித்த எங்களுக்கு எண்ணாகமம் என்னும் புத்தகம் நினைவுக்கு வருகிறது. அங்கே போருக்கென்று எண்ணப்பட்டவர்கள் 20 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள் மட்டுமே. இலங்கையில் 1871 இல் தீவு முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது, தொட்டிற் குழந்தையும் கிழவியும் ஏட்டில் ஏறினார்கள். 1901 ஆம் ஆண்டு மதிப்பை நடத்தியவர் நம்மவராகிய பொன்னம்பலம் அருணாசலம் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அம்முறை தீவின் சனத்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சம்.

அதில் வவுனியா மாவட்டத்தின் பங்கு ஏறக்குறைய 15 ஆயிரம். முல்லைத்தீவும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் அவ்வளவு சிறிய தொகை! 1921 இலும் 1931 இலும் 18 ஆயிரத்துச் சொச்சமாகவே நின்றது. பிள்ளைகள் பிறக்காமலா இருந்தார்கள்? பிறந்தார்கள், நிலைக்கவில்லை. குளமும் காடும் சூழ்ந்த ஊர்களில் மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. அது முதலில் தேடுவது சிறு குழந்தையை, அடுத்தபடி கர்ப்பிணியை. இரத்தம் வற்றிய உடம்போடு பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய் பலவேளை திரும்பவில்லை. 1946 அளவில்கூட இலங்கையில் ஆயிரம் பிறப்புக்குப் பதினைந்து தாய்மார் வரையில் இறந்தனர். இன்று ஆயிரத்துக்கு ஒருவரிலும் குறைவு.

ஆகவே 1946 இல் தீவு முழுவதிலும் 100 பெண்களுக்கு 113 ஆண்கள் இருந்தார்கள். இதற்கு வேறு காரணமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. களனி கங்கைக்கு அப்பால் கொட்டாஞ்சேனையிலே கடைகளில் தங்கி வேலை செய்தவர்கள் பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்த ஆண்கள். தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் கடல் கடந்து வந்தவர்களிலும் ஆண்களே அதிகம். ஆனால் கொழும்பில் காணாத பெண் யாழ்ப்பாணத்திலோ இந்தியாவிலோ உயிரோடு இருந்தாள். வன்னியிற் காணாத பெண் பலவேளை சுடலைக்குப் போய்விட்டாள். நிரலிலே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. 1946 இல் இலங்கை ஆணின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 44 வருஷம், பெண்ணினது 42 வருஷத்துக்கும் குறைவு என்பதே இதற்குச் சான்று.

வயது நிரலை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. கேட்டால் "ஒரு நாற்பது இருக்கும்" என்பது நம்மவர் வழக்கம். அதனால் 30, 40, 50 என்ற இடங்களில் ஆட்கள் குவிந்தும், 39 இலும் 41 இலும் குறைந்தும் காணப்படுவார்கள். சாதகம் எழுதி வைத்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை!

பின்னர் டி.டி.ரி. மருந்து வந்தது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த தீவின் இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. நுளம்பு அடங்கியதோடு மருத்துவிச்சிகளும் கிராமிய ஆசுபத்திரிகளும் பெருகின. குடியேற்றத் திட்டங்களும் வந்தன. வவுனியா மாவட்டம் 1946 இல் 23 ஆயிரம், 1953 இல் 35 ஆயிரம், 1963 இல் 68 ஆயிரத்துக்கு மேல். அறுபதுகளிலிருந்து இலங்கைப் பெண்ணின் ஆயுள் ஆணினதை முந்தியது.

முல்லைத்தீவு தனி மாவட்டமான பின்னர், 1981 இல் அங்கே எண்ணப்பட்டவர் 77 ஆயிரத்துச் சொச்சம். அடுத்த முழுமையான மதிப்பு 2012 இல். தொகை ஏறக்குறைய 92 ஆயிரம். நடுவிலே 2001 இல் எடுத்த மதிப்பு, யுத்தம் காரணமாக 18 மாவட்டங்களிலேதான் முழுமையாக நிறைவேறியது. முல்லைத்தீவு அவற்றுள் இல்லை.

மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் 15 ஆயிரம் கூடியது என்று சொல்லிவிட்டுப் போவார். 1982 இல் அங்கே பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அது அங்கேயே வளர்ந்து, 2009 இல் தன் 27 ஆவது வயதில் இறந்திருந்தால், எந்தக் குடிசன மதிப்பின் எந்த வயது நிரலிலும் அது ஒருபோதும் இடம்பெறவில்லை. 1901 இல் காய்ச்சலுக்குத் தப்பிக் கிடந்த குழந்தைக்குக் கிடைத்த ஒரு கோடு இதற்குக் கிடைக்கவில்லை.

ஹெந்தளையிலும் வத்தளையிலும் வன்னியிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. அவ்வீட்டுப் பெரியோர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. அந்த 31 வருஷங்களில் உங்கள் வீட்டிற் பிறந்தோர், இறந்தோர் பெயர்களை, ஆணா பெண்ணா, எந்த வருஷம் என்ற விபரத்தோடு எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால், நாங்கள் கொப்பியோடு வீட்டுக்கு வந்து எழுதுவோம். வயது சரியாகத் தெரியாவிட்டால் சாதகத்தை எடுத்து வையுங்கள்.