கூரையும் ஒரு பாதுகாப்பு

அடிபடுகிற பெண் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று கேட்பவர்கள், புகார் கொடுத்த அன்று இரவு அவள் எங்கே படுப்பாள் என்பதையும் யோசிக்க வேண்டும். வீடு கணவன் பெயரில். இல்லையென்றால் மாமனார் பெயரில். “வெளியே போ” என்ற மிரட்டலே அவள் வாயை அடைத்துவிடும். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் கை வைத்தது இந்த இடத்தில்தான். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது 17-வது பிரிவு. தேவைப்பட்டால் கணவனையே வெளியேறச் சொல்ல நீதித்துறை நடுவரால் முடியும். மாமனாருக்குச் சொந்தமான வீடு என்பதாலேயே இந்த உரிமை போய்விடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வயதான பெற்றோரின் நிம்மதியையும் பார்க்கச் சொன்னது, அதுவும் நியாயமே.

பெண்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் மனு கொடுத்ததும் யாரையும் கைது செய்கிற சட்டம் அல்ல இது. பாதுகாப்பு, குடியிருப்பு, பணம் பற்றி நீதிமன்றம் உத்தரவு போடும். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. குடும்பம் உடையும் என்பார்கள். விவாகரத்து கேட்காமலே இந்த மனுவைப் போடலாம். அடியை நிறுத்தத்தான் அவள் கேட்கிறாள். உண்மையான குறை தாமதம்தான்: 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லியும் வழக்குகள் இழுக்கின்றன. மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுத அவர் உதவுவார். அவசரம் என்றால் மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.