கம்பி அறுந்தாலும் வழி உண்டு
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சாலையும் குடிநீரும் போலவே, இன்று கணிப்பொறி இணைப்பும் ஊராட்சிக்கு இன்றியமையாததாகிவிட்டது. ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற இத்திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆயினும், வாய்க்கால் தோண்டும் இயந்திரம் கம்பியை அறுத்துவிட்டால் என்ன ஆகும்? சான்றிதழ் பெற வந்தவர், அன்றைய கூலியையும் இழந்து வெறுங்கையுடன் திரும்புவார். இத்துன்பத்தைக் குறைக்கும் முறையொன்றை விளக்க விரும்புகிறோம்.

வலையமைப்பின் சந்திகளில் ரூட்டர் என்னும் கருவி உள்ளது. தகவல் எவ்வழி செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது அதுவே. வழிகளை நாமே எழுதி வைக்கலாம். ஆனால் வழி கெட்டால் நாமே மாற்றவும் வேண்டும். ரூட்டர்களே கலந்து வழி காணும் முறைகளுள் ஒன்று ஓ.எஸ்.பி.எப். இது 1989-இல் முதன்முதலில் வெளியிடப்பட்டது.

அண்டை ரூட்டர்கள் பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை நலம் விசாரித்துக் கொள்கின்றன. 40 விநாடி வரை மறுமொழி இல்லையேல், அவ்வழி கெட்டதென்று மற்றவற்றிற்கு அறிவிக்கின்றன. உடனே ஒவ்வொன்றும் செலவு குறைந்த மாற்றுவழியைக் கணக்கிடுகிறது. இக்கணக்கு முறையை 1959-இல் வெளியிட்டவர் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா ஆவார். ஒரு மடை அடைபட்டால் மறு மடையைத் திறந்து பயிரைக் காப்பது போன்றதே இது.

இதனை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை ஐந்து. முதலாவது, ஒவ்வொரு ரூட்டருக்கும் தனி அடையாள எண் வேண்டும். இரண்டாவது, வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்தால், அனைத்தும் பூஜ்யம் எண்ணுள்ள நடுப்பகுதியோடு சேரவேண்டும். மூன்றாவது, அண்டை ரூட்டர்களின் பகுதி எண், விசாரிக்கும் கால அளவு, இரகசியச் சொல் ஆகியவை ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினும் உறவு கூடாது. நான்காவது, வேகம் மிக்க கம்பிக்குக் குறைந்த செலவு மதிப்பு இடவேண்டும். ஐந்தாவது, அலுவலகக் கணிப்பொறிகள் உள்ள பக்கம் இவ்விசாரிப்பை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல், அந்நியக் கருவி பொய்வழி கூறி ஏமாற்றக்கூடும்.

அமைத்தபின், பொறியாளர் முன்னிலையில் ஒரு கம்பியைக் கழற்றிச் சோதித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறோம். இரண்டாவது கம்பி இல்லாத இடத்தில் எம்முறையும் பயன் தராது. அதனாலேயே 2023-இல் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில் வளைய அமைப்பு கொள்ளப்பட்டது. உங்கள் ஊராட்சிக்கு இருபுறமும் கம்பி வருகிறதா என்று கேட்டறியுங்கள். மண் தோண்டுமுன் உரியவர்க்கு அறிவியுங்கள். கம்பியைக் காப்பதும் ஊர்ப்பணியே.