சிம்ப்ளியும் சும்மாவும்



‘சிம்ப்ளி’ என்னும் ஆங்கில வினையடையைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன். இதன் வேர் இலத்தீன் மொழியின் ‘சிம்ப்ளெக்ஸ்’. ஒரே மடிப்பு உடையது என்பது பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ஈற்றிலுள்ள ‘லி’யோ, பழைய ஆங்கிலத்தில் உடலையும் வடிவையும் குறித்த சொல்லின் எச்சம். எளிமையாக, வெறுமனே, முற்றிலும் என்பனவே ஆங்கிலேயர் கொள்ளும் பொருள்கள்.

நம் ஓசூரில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. சிப்காட் ஆலை வாயிலில் தமிழரும் கன்னடரும் ஆங்கிலம் கலந்து உரையாடுகையில், “சிம்ப்ளி வந்தேன்” என்றால் காரணம் ஏதுமின்றி வந்தேன் என்பதே கருத்து. தமிழின் ‘சும்மா’, கன்னடத்தின் ‘சும்மனே’ இரண்டும் ஒரு குடும்பச் சொற்கள். அமைதியாக என்றும் காரணமின்றி என்றும் இரண்டுக்கும் பொருள். இவை சேர்ந்து ஆங்கிலச் சொல்லின்மேல் ஏறி அமர்ந்துகொண்டன. தெலுங்கர் ‘ஊரிகே’ என்பர். சொல் வேறு, கருத்து அதுவே. இலக்கண ஆசிரியர் இதைப் பிழையென்று திருத்துவார். நான் திருத்தமாட்டேன்.

ஆயினும் மொழிபெயர்க்கும் கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். மணமாகிச் சென்ற மகள் பொழுது சாயும் வேளையில் பையோடு வந்து நிற்கிறாள். “என்னம்மா?” என்கிறாள் தாய். “சும்மாதான்” என்கிறாள் மகள். தாய் மேற்கொண்டு ஏதும் கேளாமல் உலை வைக்கிறாள். அந்தச் சும்மாவில் எத்தனை மடிப்பு என்பதை அவள் அறிவாள். ‘சிம்ப்ளி’ என்று எழுதினாலோ ஒற்றை மடிப்பே எஞ்சும். அவ்விடத்தில் ஆங்கிலக் கவிதையிலும் ‘சும்மா’ என்றே எழுதிவிடுங்கள். படிப்பவர் நம்மைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.